ஆவியின் கனி: புதிதாக வந்தவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

விசுவாசத்துக்குள் வந்த முதல் சில மாதங்களிலேயே ஆவியின் கனி என்று ஒரு பட்டியல் உங்கள் காதில் விழுந்திருக்கும். "அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம்." கலாத்தியர் 5:22, 23. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இதை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார்கள். பெரியவர்கள் இதை வாசித்ததும் செய்கிற முதல் வேலை, தங்களுக்குத் தாங்களே மார்க் போட்டுக்கொள்வது. அன்பு பரவாயில்லை, பொறுமை சுத்தமாக இல்லை, இச்சையடக்கம் இரண்டு நாள் தாங்கும். கூட்டிப் பார்த்தால் பாஸ் மார்க் வராது. அதோடு பட்டியலை மூடி வைத்துவிடுவார்கள்.

மார்க் போடுவதை முதலில் நிறுத்துங்கள். இந்த ஒன்பதும் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. இன்னொரு ஆளோடு உரசும்போதுதான் இருக்கிறதா இல்லையா என்று வெளியே வரும். அப்போஸ்தலன் பவுல் இதை எந்த இடத்தில், யாருக்கு எழுதினார் என்று பார்த்தால் இது விளங்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: இரண்டு வசனத்தோடு நின்றுவிடாமல் நிருபம் முழுவதையும் படியுங்கள்

கலாத்தியருக்கு எழுதின நிருபம் சின்னது. 6 அதிகாரம், 149 வசனம். சத்தமாக வாசித்தாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரே அமர்வில் வாசியுங்கள். எல்லாம் புரியவேண்டும் என்று அவசியமில்லை.

கலாத்தியா என்பது இன்றைய துருக்கி நாட்டின் உட்பகுதி. அங்கிருந்த சபைகளில் பெரும்பாலும் யூதரல்லாதவர்கள். கிறிஸ்துவை விசுவாசித்தால் மட்டும் போதாது, விருத்தசேதனமும் (ஆண்களுக்கு நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்துகொள்ள வேண்டும் என்று சிலர் வந்து போதித்தார்கள். சபை கலங்கிப்போனது. "நீங்கள் ஒருவரையொருவர் கடித்துப் பட்சித்தீர்களானால் அழிவீர்கள்" என்று 5:15-இல் பவுல் எச்சரிக்கிறார். கனியைப் பற்றிச் சொல்ல அவர் வாய் திறப்பதற்கு ஏழே வசனங்களுக்கு முன்னால் இது இருக்கிறது!

கனியின் பட்டியலுக்கு முன்பு இன்னொரு பட்டியல் வருகிறது. மாம்சத்தின் கிரியைகள். "மாம்சம்" என்றதும் பலருக்கு விபசாரமும் குடிவெறியும்தான் நினைவுக்கு வரும். அவையும் பட்டியலில் உண்டு. ஆனால் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு 5:19 முதல் 21 வரை எண்ணிப் பாருங்கள். பழைய திருப்புதல் என்னும் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் மொத்தம் 17 பெயர்கள். அதில் பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், மார்க்கபேதங்கள், பொறாமைகள் என்று வரிசையாக எட்டு, மனிதருக்கு மனிதர் நடக்கிற காரியங்கள். ஏறக்குறைய பாதி. ஒழுக்கமாக வாழ்ந்து, காணிக்கை தவறாமல் கொடுத்து, சபைக் கமிட்டியில் பத்து வருடமாக ஒருவரோடு பேசாமல் இருப்பவரும் இந்தப் பட்டியலுக்குள்தான் நிற்கிறார். இதைப் பிரசங்க மேடையில் அடிக்கடி கேட்க முடிவதில்லை.

கனியைச் சொல்லி முடித்ததும் 5:26-இல் பவுல் எங்கே போகிறார்? "வீண் புகழ்ச்சியை விரும்பாமலும், ஒருவரையொருவர் கோபமூட்டாமலும், ஒருவர்மேல் ஒருவர் பொறாமைகொள்ளாமலும் இருக்கக்கடவோம்." முன்னாலும் சண்டை, பின்னாலும் சண்டை, நடுவில் கனி. இதை மனதில் வைத்துக்கொண்டு பட்டியலை மறுபடி வாசித்தால் வேறு மாதிரி கேட்கும்.

ஒரு சின்னக் குறிப்பு. உங்களிடம் இருப்பது பொது மொழிபெயர்ப்பு என்றால் அன்பு, மகிழ்ச்சி, அமைதி, பொறுமை, பரிவு, நன்னயம், நம்பிக்கை, கனிவு, தன்னடக்கம் என்று இருக்கும். அதே ஒன்பதுதான். கத்தோலிக்க மறைக்கல்வியில் 12 கனிகள் என்று கேட்டால் குழம்ப வேண்டாம். பழைய லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவில் பட்டியல் சற்று நீண்டிருக்கும். அங்கிருந்து வந்த எண்ணிக்கை அது.

படி 2: வரத்தையும் கனியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

புதிதாக வந்தவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இது. வரங்கள் வேறு. 1 கொரிந்தியர் 12-இல் குணமாக்குதல், தீர்க்கதரிசனம், பற்பல பாஷைகள் என்று பவுல் சொல்கிறார். ஆவியானவர் தமது சித்தத்தின்படி அவனவனுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார். ஒருவருக்கு இது, இன்னொருவருக்கு அது. எல்லாருக்கும் எல்லா வரமும் இல்லை. கனி அப்படிப் பங்கு பிரிப்பது இல்லை. "எனக்குத் தீர்க்கதரிசன வரம் இல்லை" என்று ஒரு விசுவாசி தாராளமாகச் சொல்லலாம். "எனக்குத் தயவு இல்லை, அது என் மனைவியின் டிபார்ட்மென்ட்" என்று சொல்ல முடியாது.

கொரிந்து சபையைப் பாருங்கள். அவர்கள் யாதொரு வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று முதல் அதிகாரத்திலேயே பவுல் ஒத்துக்கொள்கிறார். அதே சபையில் கட்சி இருந்தது, பொறாமை இருந்தது, சகோதரன்மேல் சகோதரன் வழக்குப் போட்டு நீதிமன்றம் போனான். அதனால்தான் வரங்களைப் பற்றிய 12-ஆம், 14-ஆம் அதிகாரங்களுக்கு நடுவில் அன்பைப் பற்றிய 13-ஆம் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது. மனுஷர் பாஷையும் தூதர் பாஷையும் பேசினாலும் அன்பு இல்லாவிட்டால் சத்தமிடுகிற வெண்கலம்தான்.

இதை நடைமுறையில் எப்படிப் பயன்படுத்துவது? ஒருவர் வல்லமையாகப் பிரசங்கிக்கிறார், அவர் ஜெபித்தால் கூட்டமே அசைகிறது. நல்லது. அதை வைத்து மட்டும் அவரை உங்கள் வழிகாட்டியாக ஏற்றுக்கொண்டுவிடாதீர்கள். அவருக்குக் கீழே வேலை செய்பவர்களிடம் எப்படிப் பேசுகிறார், யாராவது கேள்வி கேட்டால் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். "அவர்களுடைய கனிகளினாலே அவர்களை அறிவீர்கள்" என்று மத்தேயு 7-இல் இயேசு சொன்னது கள்ளத்தீர்க்கதரிசிகளைப் பற்றி. அங்கே தங்களுடைய அற்புதங்களைச் சொல்லிக்காட்டுகிறவர்களுக்குக் கிடைக்கிற பதில், "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்பது.

படி 3: ஒன்பதில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறவை

ஒன்பதையும் வரிசையாக விளக்கப்போவதில்லை. அன்புக்கு 1 கொரிந்தியர் 13:4 முதல் 7 வரை வாசித்தால் போதும், அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. சமாதானத்துக்கு ரோமர் 12:18-ஐப் பாருங்கள்: "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று அளவு சொல்லிவிட்டுத்தான் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருக்கச் சொல்கிறது. எதிராளியின் பங்கு உங்கள் தலையில் இல்லை. சிக்கல் வருவது வேறு சிலவற்றில்.

சந்தோஷம். விசுவாசி என்றால் எப்போதும் சிரித்த முகமாக இருக்கவேண்டும், அழுதால் விசுவாசக் குறைவு என்று யாராவது உங்களிடம் சொன்னால், யோவான் 11:35-ஐக் காட்டுங்கள். லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். பவுல் தன்னைப் பற்றி, "துக்கப்படுகிறவர்கள் என்னப்பட்டாலும் எப்பொழுதும் சந்தோஷப்படுகிறவர்களாகவும்" என்று எழுதுகிறார். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தன. துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவரிடமும், மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுப்பவரிடமும் போய் "சந்தோஷம் ஆவியின் கனி பிரதர்" என்று சொல்வது அந்த நேரத்தில் தயவு இல்லாத செயல். மருந்து சாப்பிடுகிறவர் மருந்தைத் தொடரட்டும்.

விசுவாசம். பட்டியலின் இந்த இடத்தில் இதைப் பெரும்பாலும் உண்மையுள்ள தன்மை என்றே விளக்குகிறார்கள். சொன்னதைச் செய்கிறவர், நம்பி ஒன்றை ஒப்படைக்கலாம் என்கிற பெயர். இதற்கு ஒரு சின்னப் பரீட்சை உண்டு. யாரோ ஒருவர் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "அம்மாவுக்கு ஆபரேஷன், ஜெபிச்சுக்கோங்க" என்கிறார். "கண்டிப்பா" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டும்போதே மறந்துபோகிறோம். பழகவேண்டியது எளிது: "இப்பவே ஜெபிக்கலாமா?" என்று கேட்டு, அங்கேயே நின்று நாலு வாக்கியம் ஜெபியுங்கள். இல்லையென்றால் அவர் கண்ணெதிரிலேயே பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஒரு போன் செய்யுங்கள். உண்மையுள்ள தன்மை இப்படித்தான் வளர்கிறது.

சாந்தம். இதுதான் அதிகம் அடிவாங்கிய சொல். அடங்கிப்போவது, வாய் திறக்காமல் இருப்பது என்று நினைத்துவிடுகிறோம். மோசே பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவர் என்று எண்ணாகமம் 12:3 சொல்கிறது. அவர்தான் பார்வோன் முன் போய் நின்றவர். பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பியில் விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். நடு இராத்திரியில் உடன் ஊழியரான சீலாவோடு பாடிக்கொண்டிருந்தார். சிறைக் கதவுகள் திறந்தபோதும் ஓடவில்லை, தற்கொலை செய்துகொள்ளப்போன சிறைச்சாலைக்காரனைத் தடுத்துக் காப்பாற்றினார். காலையில் அதிகாரிகள் "சத்தமில்லாமல் போய்விடுங்கள்" என்று ஆள் அனுப்பினார்கள். போகமாட்டேன் என்றார். ரோமக் குடிமக்களை வெளியரங்கமாய் அடித்தவர்கள் தாங்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். அவர்களும் வந்தார்கள். பாட்டும் அதே ஆளிடமிருந்துதான் வந்தது, நியாயம் கேட்டதும் அதே ஆள்தான். அப்போஸ்தலர் 16-ஐ முழுதாக வாசித்துப் பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், வீட்டில் அடிவாங்குகிறவரிடமும், பொறுப்பில் இருப்பவரால் சீண்டப்படுகிறவரிடமும், "சாந்தமாயிரு, பொறுத்துக்கோ" என்று ஆலோசனை சொல்கிறவர்கள் உண்டு. ஆவியின் கனியை அடிக்கிறவன் கையில் ஆயுதமாகக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் நிலைமை அப்படி என்றால், முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், சட்ட உதவி தேவையென்றால் கேளுங்கள். அது எந்தக் கனிக்கும் விரோதம் இல்லை.

நற்குணத்துக்கு ஒரு ஆளைக் காட்டிவிட்டு நகர்கிறேன்: பர்னபா. "நல்லவனும், பரிசுத்த ஆவியினாலும் விசுவாசத்தினாலும் நிறைந்தவனும்" என்று அப்போஸ்தலர் 11:24 சொல்கிறது. முன்பு சபையைத் துன்பப்படுத்திய சவுலை (பின்னாளில் பவுல் எனப்பட்டவர்) பார்த்து எருசலேமில் எல்லாரும் பயந்து ஒதுங்கியபோது, கையைப் பிடித்து அப்போஸ்தலரிடம் கூட்டிப்போனவர் அவர்தான்.

படி 4: "நான் செய்யவேண்டுமா, தேவன் செய்வாரா?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். யோவான் 15-ஐத் திறந்துகொள்ளுங்கள். சிலுவைக்கு முந்தின இராத்திரி இயேசு சொன்னது. கொடி செடியில் நிலைத்திராவிட்டால் தானாய்க் கனிகொடுக்காது. ஆக, கனியை உற்பத்தி செய்வது உங்கள் வேலை கிடையாது. உங்கள் வேலை நிலைத்திருப்பது. அப்படியென்றால் சும்மா உட்கார்ந்திருக்கலாமா? அதே அதிகாரம் 10-ஆம் வசனத்தில், கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, கைக்கொண்டால் என் அன்பிலே நிலைத்திருப்பீர்கள் என்கிறது. 12-ஆம் வசனத்தில் அந்தக் கற்பனை என்ன என்றும் சொல்லிவிடுகிறது: ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள். பிலிப்பியர் 2:12, 13-லும் இதே இரட்டை வரும். பிரயாசப்படுங்கள் என்கிறார், அடுத்த மூச்சில் விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார்.

அன்றாடத்தில் இது என்னவாக இருக்கும்? தினமும் கொஞ்சம் வேதம், கொஞ்சம் ஜெபம், வாரம் தவறாத ஆராதனை, திருவிருந்து, உங்கள் பெயர் தெரிந்த நாலு விசுவாசிகள். இவ்வளவுதான். புதியவர்கள் முதல் வாரத்திலேயே அதிகாலை நாலு மணி ஜெபம், மூன்று நாள் உபவாசம் என்று பெரிதாக ஆரம்பித்து, இரண்டாம் வாரம் எல்லாவற்றையும் விட்டுவிடுவதைப் பார்க்கலாம். காலையில் பத்து நிமிடம் போதும், அதை விடாமல் பிடியுங்கள். நான்கு சுவிசேஷங்களில் ஒன்றை எடுத்து, இயேசு தம்மை எரிச்சலூட்டியவர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்று மட்டும் பார்த்துக்கொண்டே வாசியுங்கள். மாற்கு 16 அதிகாரம்தான், அதிலிருந்து தொடங்கலாம்.

படி 5: ஒன்பதையும் விடுங்கள், ஒரு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள்

"இந்த மாதம் பொறுமை, அடுத்த மாதம் தயவு" என்று அட்டவணை போடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கனியின் குணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வருகிறவை. குணத்துக்குப் பதிலாக ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். போனில் யார் பெயர் வந்தால் உங்களுக்கு முகம் சுருங்குகிறதோ, அவர்.

எப்படி என்று ஒரு காட்சியில் பார்ப்போம். இரவு பத்தரை மணி. சபை வாட்ஸ்அப் குழுவில் அவர் எழுதுகிறார்: "சிலர் பொறுப்பு எடுத்துக்கிறாங்க, ஆனா செய்றதில்ல. கர்த்தர் பார்த்துக்கொள்வார்." பெயர் சொல்லவில்லை. யாரைச் சொல்கிறார் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். கீழே இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டிருக்கிறார்கள். உங்கள் விரல் ஏற்கனவே தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டது. வசனமும் கைவசம் இருக்கிறது.

இங்கே முதலில் தேவைப்படுவது இச்சையடக்கம். போனைக் கவிழ்த்து வையுங்கள். இரண்டு நிமிடம் அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அவரைத் திருத்தும்படி இல்லை, "ஆண்டவரே, இவர் சொன்னதில் எனக்கு எது சுட்டது என்று காட்டும்" என்று. சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணியட்டும் என்று எபேசியர் 4:26 சொல்கிறது. சூரியன் எப்போதோ போய்விட்டது, பரவாயில்லை, தூங்குவதற்கு முன்னாவது தணியட்டும். அவர் சொன்னதில் பாதி உண்மை என்று தோன்றினால் அதை ஒத்துக்கொள்வது நற்குணம். மறுநாள் குழுவில் எழுதாமல் அவருக்கு நேரே போன் செய்வது சமாதானம். "அண்ணே, நேத்து நீங்க எழுதினது என்னைப் பத்தின்னு நினைக்கிறேன். அந்த வேலை தாமதமானது என் தப்புதான். ஆனா அடுத்த தடவை எனக்கு நேரா சொல்லுங்க, குழுவில போட்டா வலிக்குது" என்று சொல்வது சாந்தம். இரண்டாவது வாக்கியத்தை மட்டும் சொல்லி மூன்றாவதை விழுங்கினால், மனக்கசப்பு உள்ளே தங்கிவிடும். மூன்றாவதை மட்டும் சொன்னால் அடுத்த சண்டை தயார்.

அவர் மாறுவார் என்று எதிர்பார்த்து இதைச் செய்யாதீர்கள். மாறலாம், மாறாமலும் போகலாம். நீடியபொறுமைக்கு வேலை வருவதே அவர் மாறாதபோதுதான்.

இன்னொன்று. பிறவியிலேயே அமைதியான சுபாவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். கோபமே வராது. அது நல்ல சுபாவம், அதை உடனே கனி என்று கணக்கில் எழுதவேண்டாம். அவர்களுக்குப் பரீட்சை வேறு இடத்தில் இருக்கும், அநேகமாக உண்மையைப் பேசவேண்டிய இடத்தில். சுபாவத்திலேயே சூடானவர் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சொல்லை விழுங்கினால், வெளியே யாருக்கும் தெரியாமல் அங்கே பெரிய காரியம் நடந்திருக்கலாம்.

படி 6: விழுந்த பிறகு செய்யவேண்டியது

கத்திவிட்டீர்கள். அனுப்பியும்விட்டீர்கள். சரி. முதலில் தேவனிடம் அறிக்கை செய்யுங்கள், அதோடு நின்றுவிடாமல் அந்த ஆளிடமும் போங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர் இயேசு (மத்தேயு 5:23, 24). மன்னிப்புக் கேட்கும்போது "உங்களுக்குக் கஷ்டமா இருந்திருந்தா மன்னிச்சிடுங்க" என்று கேட்காதீர்கள். அதில் "இருந்திருந்தா" தப்பித்துக்கொள்ளும் வாசல். "நான் அப்படிப் பேசினது தப்பு" என்று என்ன செய்தீர்களோ அதைச் சொல்லி நிறுத்துங்கள். காரணம் விளக்க ஆரம்பித்தால் மன்னிப்பு கரைந்துபோகும்.

கனிக்குக் காலம் பிடிக்கும். அந்தப் பட்டியலை எழுதிய பவுலுக்கும் பர்னபாவுக்கும் இடையே மாற்கு என்னும் யோவானை ஊழியத்துக்குக் கூட்டிப்போவது பற்றி "கடுங்கோபம்" மூண்டு இருவரும் பிரிந்தார்கள் என்று அப்போஸ்தலர் 15:39 மறைக்காமல் சொல்கிறது. பல வருடம் கழித்து, சிறையில் இருந்துகொண்டு தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார் (2 தீமோத்தேயு 4:11). நடுவில் என்ன நடந்தது என்று வேதம் விவரிக்கவில்லை.

அடுத்தவர் விழும்போது என்ன செய்வது என்பதற்கும் பதில் அங்கேயே இருக்கிறது. கலாத்தியர் 6:1, கனியின் பட்டியலுக்குச் சற்றுக் கீழே: சாந்தமுள்ள ஆவியோடே அவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள், நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு. கனியின் பட்டியலை அடுத்தவர் மேல் வைத்து அளக்க ஆசை வரும்போதெல்லாம் இந்த வசனத்தை வாசியுங்கள்.

படி 7: சில மாதம் கழித்து, கூட இருப்பவரிடம் கேளுங்கள்

வளர்ச்சி உங்கள் கண்ணுக்குத் தெரியாது. நீங்களே பார்த்தால் ஒன்று பெருமை வரும், இல்லை சோர்வு வரும். அதனால் உங்களோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவரிடம் கேளுங்கள். போதகரிடம் கேட்பதைவிட இது கடினம், பலனும் அதிகம். "முன்னைவிட என்னோட இருக்கறது சுலபமா இருக்கா, கஷ்டமா இருக்கா? எந்த நேரத்துல என்கிட்ட பேசவே பயமா இருக்கு?" என்று இந்த இரண்டு கேள்வி போதும்.

பதில் வரும்போது விளக்கம் கொடுக்க வாய் துடிக்கும். கொடுக்காதீர்கள். "சரி, சொன்னதுக்கு நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் சொன்னதை அவருடைய வார்த்தைகளிலேயே எழுதி வையுங்கள். மறுநாள் காலை அந்தப் பத்து நிமிடத்தில் எதற்காக ஜெபிப்பது என்று தேடவேண்டியிருக்காது.